வடக்கே தலை வைத்த பெட்டி

சம்பூர்
12 நவம்பர் 2023

ஷிஃபானா அவர்களுக்கு,

மெமரி காட் இதற்குள் இருக்கிறது. சுவரில் பூட்டிய பதிவுக்கருவியிலிருந்து பழையதைக் கழற்றி, நீங்கள் தந்த புதியதைப் போட்டேன். பச்சை வெளிச்சம் மின்னுகிறது. காட் மாற்றும்போதெல்லாம் வீட்டு வளவில் என்ன நடந்தது என்று ஒரு குறிப்பும் அனுப்பச் சொன்னீர்கள். இதுதான் குறிப்பு: மழை தொடங்கிவிட்டது. பக்கத்து வளவில் உழவு இயந்திரம் ஓடியது. பெட்டியை உள்ளே வைத்து நிலத்துக்குள் நீங்கள் தாட்ட பீப்பாயின் மூடிமேல் எங்கள் நாய் படுக்கிறது. துரத்தினாலும் திரும்பி வந்து படுக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

குறிப்பு முடிந்தது. இனி எழுதுவது என்னுடைய கதை.

அன்றைக்குத் தொலைபேசியில் நான் கத்தினேன், நீங்களும் கத்தினீர்கள், நான் உங்கள் இலக்கத்தைத் தடுத்து வைத்தேன். அந்தத் தடையை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பவும் கத்துவேன். எழுதினால் ஒரு வசனம் முடிவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது. ஆகவே இனி எழுத்துத்தான். மூதூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கிண்ணியாவில் உங்கள் அண்ணன் றிஸ்கான் நானாவின் கடையில் இறக்குவார்கள். அவர் கண்டிக்கு அனுப்பட்டும்.

செப்டெம்பரில் நீங்கள் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, "உங்கட வளவில ஒரு கருவி வைக்கலாமா?" என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றது அந்தக் கேள்விக்காக. கருவிக்காக இல்லை. 2006 சண்டையில் எங்களை ஓடச் சொன்னவர்கள் கேட்கவில்லை. பத்து வருடம் முகாமில் வைத்தவர்கள் கேட்கவில்லை. இந்தக் காணியைச் சுற்றி வேலி போட்டவர்களும் கேட்கவில்லை. எல்லாரும் அறிவித்தார்கள். நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

நீங்கள் போன அடுத்த கிழமை இரண்டு பேர் வந்து எங்கள் வேலியில் ஒரு பலகை அடித்துவிட்டுப் போனார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழ் இல்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணை வந்து பார்த்துவிட்டு, "பலகை வந்திட்டுது பிள்ளை. அடுத்தது கல்லு. அதுக்கு அடுத்தது முள்ளுக்கம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் மனைவி எங்கள் கிணற்றடிக்கு வருவதில்லை. ஊரையே நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள்.

அன்றைக்கு நான் கத்தியது இதற்குத்தான். பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது அது கோழிக்கூட்டுக்குக் கூரை. உங்களுக்கு வேண்டுமென்றால் கோழிகளிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சோபனா


கண்டி
27 நவம்பர் 2023

சோபனா,

காட் பழுதில்லாமல் வந்தது. உங்கள் நாயும் வந்தது. மத்தியானங்களில் ஒரு பொத்தென்ற அதிர்வு, அதற்குப் பின்னால் விட்டுவிட்டு ஒரு துடிப்பு. என்னவென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். உங்கள் குறிப்பைப் பார்த்த பிறகு விளங்கியது. வாலாக இருக்க வேண்டும்.

பலகையைப் பற்றி. அதை அடிக்கச் சொன்னது நானில்லை. அது எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற பதிலை நீங்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பீர்கள் என்று யோசித்தேன். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். பிழை எங்கள் பக்கம். தமிழில் நானே ஒரு துண்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

உங்கள் அயலவர்களுக்குச் சொல்லுங்கள்: நாங்கள் கனிமம் தேடவில்லை. தேடுவது ஒரு மலையை.

சிரிக்காதீர்கள். ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய நிலங்கள் ஒன்றோடொன்று மோதின. மோதிய இடத்தில் இமயமலை போல ஒரு தொடர் எழும்பியது. மழையும் ஆறும் அதைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. வேர் மட்டும் கீழே கிடக்கிறது. இரண்டு நிலமும் ஒட்டிய தையல் உங்கள் பக்கத்தால்தான் எங்கோ போகிறது. மோதியபோது எது மேலே ஏறியது, எது கீழே நுழைந்தது, தையல் எந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அத்தனை ஆழத்துக்குத் தோண்ட ஏலாது. அதனால் காத்திருக்கிறோம். சுமாத்திராவிலோ யப்பானிலோ நிலம் நடுங்கும்போது அந்த அலை பூமிக்குள்ளால் வந்து கீழேயிருந்து உங்கள் வளவைத் தட்டும். தையலைக் கடக்கும்போது அலையில் ஒரு பகுதி பிந்தும். எந்தத் திசையிலிருந்து வந்தது எவ்வளவு பிந்தியது என்று பார்த்துப் பார்த்துப் படம் கீறலாம். வயிற்றை ஸ்கேன் பண்ணுகிற மாதிரித்தான்.

அந்தப் படத்தை வைத்து யாரும் ஒரு பிடி மண்கூட விற்க முடியாது. அதனால்தான் எங்களுக்கு எப்போதும் நிதி இல்லை.

2006இல் மூதூரிலிருந்து என் மாமி குடும்பமும் ஓடி எங்கள் வீட்டில் வந்து இருந்தது. உங்களுக்கு நடந்ததும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. கொஞ்சம் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஷிஃபானா


சம்பூர்
21 ஜனவரி 2024

ஷிஃபானா,

குறிப்பு: மழை. பொங்கல். எல்லா வீட்டிலும் வெடி கொளுத்தினார்கள். பீப்பாய்க்குள் தண்ணீர் போகவில்லை, அம்மா பார்த்துச் சொன்னா. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் மலைக் கதையைப் பாக்கியரத்தினம் அண்ணைக்குச் சொன்னேன். "அப்ப அந்த மலைக்கும் ஆரும் காணி உறுதி கொண்டு வருவாங்கள்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவரில் பிழை இல்லை. கண்டியில் இருக்கிற உங்களுக்குப் 'பழையது' என்பது நல்ல சொல். இங்கே அப்படி இல்லை. ஒரு இடம் பழையது, தொல்பொருள் என்று யாராவது சொன்னால் அடுத்த மாதம் அங்கே எல்லைக்கல் நிற்கும். ஐம்பத்தைந்து கோடி வருடம் என்று ஊருக்குள் சத்தமாகச் சொல்லாதீர்கள். எங்கள் காணி உறுதிப் பத்திரம் தாத்தா காலத்தோடு நின்றுவிடுகிறது.

உங்கள் துண்டை ஒட்டினேன். 'இது நிலத்தின் அசைவைக் கேட்கும் கருவி. உங்கள் பேச்சைக் கேட்காது.' நல்ல தமிழ். ஆனால் அதைப் படித்த பிறகுதான் பக்கத்து வீட்டாருக்கு அந்தச் சந்தேகமே வந்தது. இப்போது எங்கள் வேலிக்குக் கிட்ட வந்ததும் குரலைக் குறைக்கிறார்கள். முன்பு கிணற்றடியில் கேட்ட ஊர்க்கதை எதுவும் இப்போது எனக்குக் கிடைப்பதில்லை. அந்த நட்டத்தை யார் தருவது?

பட்டதாரிகளுக்கு வேலை கேட்டுத் திருகோணமலையில் ஒரு போராட்டம். போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தேன். அங்கேயும் ஒருவர் வந்து அறிவித்துவிட்டுப் போனார்.

சோபனா


கண்டி
14 மே 2024

அன்பின் சோபனா,

பெப்ரவரி, ஏப்ரல் காட்டுகள் இரண்டும் கிடைத்தன. இந்தக் கடிதம் அலுவலகத்தின் சார்பிலும் எழுதப்படுகிறது.

சம்பூர் நிலையத்தின் பதிவுகளில் பாரிய குறை ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. கருவி அதன் நிலையிலிருந்து அசைக்கப்பட்டிருக்கிறது. நிறுவிய பின் எவராவது பீப்பாயைத் திறந்தார்களா, கருவியைத் தொட்டார்களா என்பதை எழுத்தில் அறியத் தரவும். இது தொடர்பாக விசாரணை மேற்கொள்ள இம்மாத இறுதியில் ஒரு குழு வருகை தரும்.

மேலே உள்ளதைப் பேராசிரியர் எழுதச் சொன்னார். கீழே உள்ளது நான்.

தையல் மேற்குப் பக்கம் சரிகிறது என்று ஈச்சிலம்பற்றில் உள்ள பெட்டி சொல்கிறது. மூதூர்ப் பெட்டியும் அதையே சொல்கிறது. நடுவில் இருக்கிற உங்கள் பெட்டி மட்டும் தெற்கே என்கிறது. போன மாதம் எல்லார் முன்னாலும் படத்தைப் போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் ஒருவர், "சம்பூரில மட்டும் மலை குறுக்கால படுத்திட்டுது போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, அதுதான் பயம்.

சம்பூரை எடுத்துவிட்டால் என் பெட்டிகளின் வரிசையில் தையல் போகிற இடத்திலேயே ஓட்டை. அதோடு என் ஆய்வும் முடிந்தது. செப்டெம்பருக்குப் பிறகு என்னை வைத்திருக்க அவர்களிடம் நிதி இல்லை. கிண்ணியாவுக்குத் திரும்பி வந்து றிஸ்கான் நானாவின் கடையில் நிற்க வேண்டியதுதான். அவர் இப்போதே எனக்கு ஒரு கதிரை போட்டுவைத்திருக்கிறார்.

தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

ஷிஃபானா


சம்பூர்
22 மே 2024

விசாரணைக் குழுவின் ஷிஃபானாவுக்கு,

இந்த உறைக்குள் காட் இல்லை. தேட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான் சத்தமாக வாசித்தேன். அது என்னுடைய பிழை. அம்மா குசினியில் நின்றா. 'விசாரணை' என்ற சொல்லுக்கு வந்ததும் அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனா. பின்னேரம் ஒரு பையோடு ஈச்சிலம்பற்றுக்கு, என் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டா. எப்போது வருவா என்று சொல்லவில்லை.

விசாரணை உங்களுக்கு ஒரு சொல். எங்கள் வீட்டில் அது என்னவென்று சொல்கிறேன். 2006இல் ஓடுகிற அன்று அப்பா வளவில் கிடங்கு வெட்டி ஒரு பீப்பாயைத் தாட்டார். அதற்குள் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள், தையல் மெசினின் தலை, காணி உறுதி. முகாமில் யாரோ அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். 'இரத்தினசிங்கம் வளவில் எதையோ புதைத்தவர்.' வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரணை என்றுதான் சொன்னார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிறகு விட்டார்கள். நாங்கள் திரும்பி ஊருக்கு வந்தபோது கிடங்கு திறந்து கிடந்தது, பீப்பாய் இல்லை. அன்றிலிருந்து அப்பா மண்வெட்டி தொட்டதில்லை. நிலத்தில் உழைத்த கமக்காரன், மண்வெட்டி தொடமாட்டார். கச்சான் போடுவதும் மரவள்ளி நடுவதும் நானும் அம்மாவும்தான்.

நீங்கள் வந்து கிடங்கு வெட்டிப் பீப்பாய் இறக்கிய அன்று அவர் பின்பக்கத்தால் எழும்பிப் போய் இருட்டும் வரை கடற்கரையில் இருந்தார். உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் வைத்திருக்கமாட்டீர்கள் என்பதால் நான் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெட்டி இருக்க வேண்டும் போல இருந்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

இப்போது தெரிகிறது, வேண்டாம். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். குழு வந்தால் படலை பூட்டியிருக்கும்.

சோபனா


கண்டி
30 மே 2024

சோபனா,

குழு வராது. இன்று காலை பேராசிரியரின் அறைக்குப் போய், அவர்கள் போனால் நான் விலகுகிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். நான் அங்கே இதுவரை 'ஓம் சேர்' தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

நீங்கள் எடுக்கச் சொன்னால் நான் பஸ்ஸில் தனியாக வந்து எடுக்கிறேன். வாகனம் வராது, சீருடையோடு யாரும் வரமாட்டார்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

கருவியின் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. அது வடக்கே பார்க்க வேண்டும். முதலில் வந்த மெமரி காட் பதிவில் அப்படித்தான் இருந்தது. சுமாத்திராவில் நடுங்கினால், கிழக்கிலிருந்து தட்டுகிறது என்று பெட்டி சரியாகச் சொன்னது. பிறகு எப்போதோ மாறிவிட்டது. இப்போது சுமாத்திராவில் நடுங்கினால், யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்கிறது. அவ்வளவும் ஒரே தடவையில் திரும்பி, பிறகு அசையாமல் இருந்திருந்தால் பயமில்லை. எவ்வளவு திரும்பியதோ அவ்வளவையும் கணக்கில் பின்னால் திருப்பிவிடலாம். ஆனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக அசைந்திருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

பேராசிரியர் இரண்டாவதைத்தான் நம்புகிறார். காரணம் இருக்கிறது. யாராவது வேண்டுமென்று கிழக்கே திருப்பியிருந்தால் கோணம் தொண்ணூறு பாகை வரும். எனக்கு வருவது நூற்றுப்பதினொன்று. அது எந்தத் திசையும் இல்லை. தளர்ந்து தானாகச் சுழன்றிருக்கிறது, இன்னும் சுழலும் என்கிறார். 'காரணம் தெரியாத பதிவை நான் ஏற்கமாட்டேன்' என்பது அவர் முடிவு.

யார் என்று எனக்குத் தேவையில்லை. ஒரு தடவையா, பல தடவையா. அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து இரண்டு தாள் கிழித்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

ஷிஃபானா


சம்பூர்
15 யூன் 2024

ஷிஃபானா,

ஈச்சிலம்பற்றுக்குப் போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு இடத்தில் எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் போகிறேன்.

அம்மா சின்னம்மா வீட்டு முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், "அவங்க வந்திட்டாங்களோ?" என்றா.

"ஒருத்தரும் வரல்ல. வரவும் மாட்டாங்கள். அந்தப் பிள்ளை வேலைய விடுறன் எண்டு சொல்லித் தடுத்திட்டுது."

"ஆர், கிண்ணியாப் பிள்ளையோ?"

"ஓம். அம்மா, பெட்டியத் திருப்பினனீங்களோ?"

"எந்தப் பெட்டி?"

"நம்மட வளவில எத்தின பெட்டி கிடக்கு?"

அம்மா மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. சின்னம்மா உள்ளேயிருந்து, "அக்கா, வழக்குக்குக் கோட்டுக்குப் போறதெண்டா சொல்லுங்க, நானும் நல்ல சீலையொண்டு உடுத்திட்டு வாறன்" என்றா. அதற்கு அம்மாவுக்கு வந்த கோபத்தில் வாய் திறந்துவிட்டது.

"நான் என்ன களவே எடுத்தனான்? நேரா வச்சனான். அவ்வளவுதான்."

"நேரா எண்டா?"

"அந்தப் பிள்ளை வைக்கேக்க என்ன சொன்னது? தலை வடக்கால இருக்கோணும் எண்டு சொன்னது. என்ர காதால கேட்டனான். வாராத வரவு வந்தாலும் வடக்கே தலை வைக்காத எண்டு கேட்டு வளந்த ஆக்கள் நாங்க. மனிசரே படுக்கக் கூடாத பக்கம். வளவுக்குள்ள ஒண்டை அப்பிடிப் புதைச்சு வச்சிட்டு, அதுக்குப் பக்கத்தில பொங்கப் பானை வைக்கச் சொல்லுறியோ?"

இதுதான் அந்த இடம். அம்மா குரலைக் குறைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவங்கட ஆக்கள் செத்தவங்கட மையத்தை வடக்கே தலை வச்சுத்தானாம் அடக்குறது. பிள்ளை நல்ல பிள்ளை, நான் குறை சொல்லல்ல. ஆனா அதுட வழக்கத்த நம்மட வளவுக்குள்ள வச்சிட்டுப் போயிட்டுதோ எண்டு எனக்கு நித்திரை வரல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அம்மாவைத் திட்டத்தான் வாய் எடுத்தேன். பிறகு, நான் திட்டினால் அம்மா இனி ஒன்றும் சொல்லமாட்டா என்று நினைத்து விட்டேன்.

"எத்தின தரம் திருப்பினனீங்கள்?"

"ஒருக்காத்தான். பொங்கலண்டு விடிய. அடுப்பு மூட்ட முதல்."

"கிழக்காலயோ?"

"சூரியன் வாற பக்கத்துக்கு. வெளிக்கிட்டு வரேக்க அதைப் பாத்துத்தான் வச்சனான். பானையும் அந்தப் பக்கம், அதுவும் அந்தப் பக்கம். குமிழி ஒண்டு இருந்தது, நடுவில. நானும் நடுவில வரப் பண்ணித்தான் மூடினனான். கம்பிய இழுக்கல்ல. கைப்பிள்ளையக் குளிக்க வாக்கிற மாதிரித் தூக்கினனான்."

அதற்குப் பிறகு தொடவில்லை. நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ஒருக்கா வச்சாப் போதுந்தானே, பேந்து ஏன் கிண்டுவான்?" என்றா.

உங்களுடைய நூற்றுப்பதினொன்றுக்கு இது காரணமா என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது கலை. பெட்டி இன்னும் கிழக்கே பார்த்தபடி கிடக்கிறது. நானும் தொடவில்லை. காட் இத்துடன் இருக்கிறது. அம்மா இன்னும் ஈச்சிலம்பற்றில்தான். உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவாவாம்.

சோபனா


கண்டி
20 யூன் 2024

சோபனா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசியுங்கள். இந்த முறை பயமில்லை.

தைப் பொங்கலன்று சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. தைமாதத்தில் அது தெற்குப் பக்கம் ஒதுங்கித்தான் எழும்பும். எவ்வளவு ஒதுங்கும் என்று உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். வடக்கிலிருந்து நூற்றுப்பதினொன்று பாகை, அதற்கு மேல் ஒரு சொட்டு. கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரன், "என்ன, நிலநடுக்கமோ?" என்றான்.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். பொங்கலன்று காலைப் பதிவையும் எடுத்தோம். பொழுது புலரும்போது ஒரு கலவரம், பிறகு அமைதி. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வெடி என்று நினைத்து விட்டுவிட்டேன், நீங்களும் வெடி என்றுதானே எழுதினீர்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நடுக்கமும் அதே கோணம். அசையவே இல்லை. அவர் திரையைப் பார்த்தபடி, "குமிழியை நடுவில் வைத்திருக்கிறார்களே" என்றார். கருவி மட்டமாக இருப்பதைக் காட்டுகிற குமிழி. அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது. பிறகு, அந்த விசாரணை என்ற சொல்லுக்காகத் தன் சார்பில் வருத்தம் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

கணக்கில் பெட்டியைப் பின்னால் திருப்பினோம். சம்பூரிலும் தையல் மேற்கே சரிகிறது. மலை குறுக்கே படுக்கவில்லை. படம் முழுதாக இருக்கிறது. உங்கள் வளவுக்குக் கீழே ஒரு நிலம் மற்றதற்கு அடியில் நுழைகிற இடம் கோடு கீறினமாதிரித் தெரிகிறது. என் ஆய்வு தப்பியது. நானா கதிரையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார், கொஞ்சம் கவலையோடு.

அம்மா சொன்னதைப் பற்றி. வெட்கப்படாதீர்கள். அது உண்மைதான், எங்கள் மையித்தை வடக்கே தலை வைத்து, முகத்தை மேற்கே திருப்பித்தான் அடக்குவோம். உம்மாவிடம் சொன்னபோது முதலில் முகம் சுருங்கியது, எனக்குக் கொஞ்சம் பயம்தான். பிறகு, "நீ போய் அந்த மனிசிட வீட்டு வாசல்ல தலை வடக்கு எண்டு கத்தினா அது என்ன செய்யும்? அம்பு எண்டு சொல்லியிருக்கலாமே" என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. அதுவும் சரி. ஊரில் வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வளவில் எதை வைக்கலாம் என்று கேட்டேன். எப்படி வைக்கலாம் என்று கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். ஆய்வு முடிகிற வரைக்கும் பெட்டி அப்படியே கிழக்கே பார்க்கட்டும். யாரும் வடக்கே திருப்பமாட்டோம். எங்களுக்குக் கணக்கு இருக்கிறது.

ஷிஃபானா


சம்பூர்
3 ஓகஸ்ட் 2024

ஷிஃபானா,

குறிப்பு: அம்மா வந்துவிட்டா. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்க வைத்தா. இரண்டாம் தரம் பாக்கியரத்தினம் அண்ணையின் மனைவியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. இப்போது அவ எங்கள் கிணற்றடிக்குத்தான் வருகிறா. ஊர்க்கதை நட்டம் தீர்ந்தது.

'குமிழியை நடுவில் வைத்திருக்கிறார்களே' என்பதை அம்மா மீன்காரனுக்கும் சொல்லிவிட்டா.

உங்கள் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். ஆனால் அழைப்பு எடுக்காதீர்கள். எழுதுங்கள்.

சோபனா


சம்பூர்
9 ஒக்டோபர் 2025

ஷிஃபானா,

போன கிழமை உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பெட்டியை எடுக்க வந்தார்கள். நீங்கள் வராததற்கு உங்களைத் திட்டுவதாக இருந்தேன். பட்டச் சோதனைக்கு நிற்கிறீர்கள் என்று சொன்னார்கள், விட்டேன். படலையில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். தமிழில் கேட்டார்கள். ஒருவனுக்குத் தமிழ் அவ்வளவு வராது, பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். யார் பாடமாக்க வைத்தது என்று எனக்குத் தெரியும்.

கருவியைத் தூக்கினார்கள், பீப்பாயை இழுத்தார்கள். கிடங்கை மூடப் போனபோது அவர்களிடம் மண்வெட்டி இல்லை. மறந்துவிட்டார்களாம். எங்களுடையது குசினிக்குப் பின்னால் சாத்தியிருந்தது. நான் எடுக்கப் போனேன். அதற்கு முன் அப்பா அதைக் கையில் எடுத்துவிட்டார்.

அவர் கிடங்கின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். அதற்குள் ஒன்றும் இல்லை, வேர் மட்டும். "எல்லாத்தையும் எடுத்திட்டீங்களோ?" என்று அந்தப் பொடியன்களைக் கேட்டார். அவர்கள் ஓம் என்றார்கள். "வடிவாப் பாருங்கோ. பேந்து ஒண்டு கிடக்குது எண்டு வரக் கூடாது." அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை ஐயா என்றார்கள்.

பிறகு மண்ணை இழுத்து மூடினார். பாதியில் மூச்சு வாங்கியது. மண்வெட்டியை நான் கேட்டேன், தரவில்லை. அம்மா குசினி வாசலில் நின்றா. மூடி முடிந்ததும் காலால் மிதித்து, மண்வெட்டியைக் கிணற்றடியில் கழுவிச் சுவரில் சாத்திவிட்டு, "மழை வர முன்னம் இதில மரவள்ளி வைக்கலாம்" என்றார்.

உங்கள் ஆட்கள் நேரத்தோடு பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இல்லாவிட்டால் அவர் மண் இழுத்ததும் பதிவாகியிருக்கும். பரவாயில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட் இல்லை. இது வெறும் கடிதம்.

சோபனா